நேற்று பாஸான டெஸ்ட் இன்று ஏன் ஃபெயிலாகிறது?

ஆட்டோமேஷன் டெஸ்ட், அதாவது ஒரு மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகவே சோதிக்கும் கோட், எழுதும் எவருக்கும் இந்தக் காட்சி பழகியிருக்கும். ஒரு பக்கத்தின் தலைப்பில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தி, வேறு எதையும் தொடாமல் கோடை ஏற்றுகிறீர்கள். பத்து நிமிடத்தில் பைப்லைன் (ஏற்றிய கோடை பில்ட் செய்து எல்லா டெஸ்ட்களையும் தானாக ஓட்டும் ஏற்பாடு) சிவப்பாகிறது. ஃபெயிலானது எது என்று திறந்து பார்த்தால் கட்டண ரசீது சம்பந்தப்பட்ட ஒரு டெஸ்ட். உங்கள் எழுத்துப்பிழைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேட்டால், "அது அப்படித்தாங்க, ரீரன் குடுங்க, போயிடும்" என்கிறார். கொடுக்கிறீர்கள், பச்சையாகிவிடுகிறது, உங்கள் திருத்தத்தைப் பொதுக் கோடோடு மெர்ஜ் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள்.

அந்த "அது அப்படித்தான்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. கோட் மாறவில்லை, டெஸ்ட் மாறவில்லை, முடிவு மட்டும் மாறுகிறது என்றால் நம் கண்ணில் படாத வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அதைத் தேடிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் போய் நிற்போம். ஒன்று, காத்திருக்க வேண்டிய இடத்தில் டெஸ்ட் குத்துமதிப்பாகக் காத்திருக்கிறது. இன்னொன்று, தனக்கு முன்னால் ஓடியது எதையோ விட்டுவிட்டுப் போக, அந்த மிச்சத்தின் மேல் இது உட்கார்ந்திருக்கிறது. வேறு வேறு நோய் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: தான் ஏற்பாடு செய்யாத ஒன்று அங்கே இருக்கும் என்று டெஸ்ட் நம்பியிருக்கிறது.

இப்படி நாளுக்கு ஒரு பேச்சு பேசும் டெஸ்ட்டைத்தான் ஃப்ளேக்கி என்கிறோம். கவனமில்லாத டீம்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். கூகுளில் டெஸ்ட் ஓட்டும் கட்டமைப்பைக் கவனித்துவந்த ஜான் மிக்கோ 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே மொத்த ஓட்டங்களில் சுமார் 1.5% ஃப்ளேக்கி முடிவு தந்தன, டெஸ்ட்களில் ஏறக்குறைய 16% ஏதோ ஓர் அளவில் ஃப்ளேக்கியாக இருந்தன. எனக்கு உறைத்தது மூன்றாவது எண். பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய சம்பவங்களில் 84% ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டவை. அதாவது, சிவப்பைப் பார்த்தால் "நான் எதையோ உடைத்துவிட்டேன்" என்று பதறுவதற்கு அங்கேயே காரணம் குறைவாக இருந்திருக்கிறது. 2014இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்பின் 51 திட்டங்களில் ஃப்ளேக்கி டெஸ்ட்டைச் சரிசெய்த 201 கமிட்களை (கோடில் பதிவான திருத்தங்களை) எடுத்துப் பார்த்தார்கள். காரணம் பிரிக்க முடிந்தவற்றில் 45% சரியாகக் காத்திருக்காததால் வந்தவை, 20% ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்கள் என்ற இழைகள் மோதியதால் வந்தவை, 12% டெஸ்ட்கள் ஓடும் வரிசையை நம்பியதால் வந்தவை.

"ஆயிரத்தில் ஒருமுறைதானே ஃபெயிலாகிறது" என்பார்கள். சரி, அப்படிப்பட்ட டெஸ்ட் ஆயிரம் இருந்தால், எல்லாமே ஒருசேரப் பாஸாகும் வாய்ப்பு 37% தான். மூன்றில் இரண்டு பில்ட் காரணமே இல்லாமல் சிவப்பாகும்.

முதலில் காத்திருப்பு. 'சேமி' பட்டனை அழுத்தினால் 'சேமிக்கப்பட்டது' என்று வர வேண்டும், அதுதான் டெஸ்ட். எழுதியவரின் லேப்டாப்பில் 800 மில்லிசெகண்டில் வருகிறது, எதற்கும் இருக்கட்டும் என்று 2 செகண்ட் ஸ்லீப், அதாவது அவ்வளவு நேரம் சும்மா நிற்கச் சொல்லும் கட்டளை, போடுகிறார். பில்ட் ஓடும் சர்வரின் பிராசஸரிலோ இரண்டே கோர், அதில் நான்கு டெஸ்ட் ஒன்றாக ஓடுகின்றன, ஒருநாள் 2.3 செகண்ட் ஆகிவிடுகிறது. இன்னொருவர் வந்து 3 ஆக்குகிறார். ஒரே வரி, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் 2, 3, 5, 10 என்று வளர்ந்ததை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், நான்கு பேர் நான்கு காலாண்டுகளில் செய்த திருத்தம், ஒவ்வொன்றின் கமிட் செய்தியும் "டெஸ்ட் சரிசெய்யப்பட்டது". அந்த 10 செகண்டும் எல்லா நாளும் வீண். 400 டெஸ்ட்டில் ஆளுக்கு 3 செகண்ட் ஸ்லீப் என்றாலே 20 நிமிடம் போய்விடும், அப்படியும் என்றைக்காவது போதாமல் போகும்.

வீட்டில் குக்கர் வைத்தால் கடிகாரம் பார்க்கிறோமா? விசிலைத்தானே எண்ணுகிறோம். அரிசி எவ்வளவு, தீ எவ்வளவு, சிலிண்டர் தீரும் நிலையில் இருக்கிறதா, இதெல்லாம் நேரத்தை மாற்றும், ஆனால் மூன்று விசில் என்றால் மூன்று விசில்தான். டெஸ்ட்டிலும் இதுதான் வழி. நேரத்துக்காகக் காத்திருக்காமல் நிகழ்வுக்காகக் காத்திருக்க வேண்டும். 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை "வந்துவிட்டதா" என்று பார், வந்ததும் உடனே நகர், அதிகபட்சம் 15 செகண்ட் பார்த்துவிட்டு ஃபெயில் ஆகு. இந்த 15ஐக் கண்டு பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த உச்சவரம்பின் விலையை உண்மையிலேயே ஃபெயிலாகும் நாளில் மட்டும்தான் கொடுக்கிறோம். பாஸாகும் நாட்களில் 800 மில்லிசெகண்டில் வேலை முடிந்துவிடும். ஸ்லீப்பில் விலை தினமும், இதில் என்றைக்கோ ஒருநாள்.

பிரௌசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் இன்றைய கருவிகள் இதைக் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. செலினியத்தில் எக்ஸ்பிளிசிட் வெயிட் (குறிப்பிட்ட ஒரு நிகழ்வுக்காகக் காத்திருக்கச் சொல்வது) அரை செகண்டுக்கு ஒருமுறை பார்க்கும். சைப்ரஸ் சாதாரணமாக 4 செகண்ட் வரை தானே முயலும், பிளேரைட்டில் எதிர்பார்ப்பைச் சரிபார்க்கும் கட்டளைகள் 5 செகண்ட் வரை. செலினியம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இம்பிளிசிட் வெயிட் (பக்கத்தில் எதைத் தேடினாலும் பொதுவாகக் காத்திருப்பது), எக்ஸ்பிளிசிட் வெயிட் இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்றுக்கு 10, இன்னொன்றுக்கு 15 என்று வைத்தால் டைம்அவுட் 20 செகண்டில்கூட வரலாம் என்று அவர்களின் ஆவணமே எச்சரிக்கிறது.

கருவி காத்திருக்கும், சரி, எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று நாம்தானே சொல்ல வேண்டும்? பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஸ்பின்னர் (வேலை நடக்கிறது என்று காட்டும் சுழலும் வட்டம்) மறையும்வரை காத்திரு என்று எழுதுகிறோம். பட்டனை அழுத்திய அந்தக் கணத்தில் ஸ்பின்னர் இன்னும் திரைக்கு வரவே இல்லை, டெஸ்ட் பார்க்கிறது, "ஸ்பின்னர் இல்லை, அப்படியானால் முடிந்துவிட்டது" என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அதற்கு 30 மில்லிசெகண்ட் கழித்து ஸ்பின்னர் நிதானமாக வந்து சுற்ற ஆரம்பிக்கிறது. இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. முதல் முகவரியைச் சேமித்தபோது வந்த 'சேமிக்கப்பட்டது' பட்டை திரையில் 4 செகண்ட் நிற்கும். அதற்குள் டெஸ்ட் இரண்டாவது முகவரியைச் சேமித்துவிட்டு அதே பட்டையைத் தேடுகிறது. இருக்கிறது! ஆனால் அது பழைய பட்டை. இரண்டாவது சேமிப்பு தோற்றிருந்தாலும் டெஸ்ட் பாஸ் என்றுதான் சொல்லும். நேரக் கோளாறும் மிச்சக் கோளாறும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் இது. இடைநிலை அடையாளங்களை விட்டுவிட்டு, இந்தச் செயலால் மட்டுமே வரக்கூடிய முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், பட்டியலில் இரண்டாவது முகவரியின் பின்கோடு தெரிகிறதா என்பது மாதிரி.

"நடக்கக் கூடாதது நடக்கவில்லை" என்று எப்படிச் சோதிப்பது? ரத்தான ஆர்டருக்கு மின்னஞ்சல் போகக் கூடாது. 5 செகண்ட் பார்த்தேன், போகவில்லை என்றால் அது 6ஆவது செகண்டில் போகலாம், அந்த டெஸ்ட் தப்பாகப் பாஸாகும். இதற்கு நான் நம்புவது ஒரு வேலி போடும் உத்தி. ரத்தான ஆர்டரை வரிசையில் போட்ட கையோடு, அதன் பின்னாலேயே ரத்தாகாத இன்னொரு ஆர்டரையும் போடுங்கள். இரண்டாவதன் மின்னஞ்சல் வந்து சேரும்வரை காத்திருங்கள். வரிசையை ஒரே ஆள் வந்த ஒழுங்கில் கையாள்கிறார் என்றால், இரண்டாவது வந்தபோதே முதலாவதன் கதை முடிந்திருக்கும். இப்போது பெட்டியைத் திறந்து "முதலாவதற்கு எதுவும் வரவில்லை" என்று உறுதியாகச் சொல்லலாம். பல ஒர்க்கர்கள் (வரிசையிலிருந்து வேலையை எடுத்துச் செய்யும் புரோகிராம்கள்) பங்கு போட்டு எடுக்கும் வரிசை என்றால் இது செல்லாது, டெஸ்ட்டில் ஒரே ஒர்க்கரை வைத்து ஓட்ட வேண்டும்.

அப்புறம் கடிகாரம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு டெஸ்ட் சர்வரில் ஒருநாளும் ஃபெயிலாகாது, பகலில் எங்கள் லேப்டாப்களிலும் ஃபெயிலாகாது, ரிலீஸுக்காக ராத்திரி உட்கார்ந்தால் மட்டும் ஃபெயிலாகும். தூக்கக் கலக்கத்தில் ரீரன் கொடுப்போம், திரும்பவும் சிவப்பு. காலையில் பார்த்தால் பச்சை. மாதக்கணக்கில் அதற்கு "ராத்திரி டெஸ்ட்" என்றே பெயர். கடைசியில் ஒருநாள் இரவு 2 மணிக்கு இரண்டு தேதிகளையும் அச்சடித்துப் பார்த்தோம்: டெஸ்ட் 15ஆம் தேதி என்கிறது, ஆப் 14 என்கிறது. ஆப் தேதியை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எடுக்கிறது, டெஸ்ட் லேப்டாப்பின் இந்திய நேரத்தில் எடுக்கிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முந்தி இருப்பதால், நள்ளிரவு 12இலிருந்து அதிகாலை 5.30 வரை இரண்டுக்கும் தேதி வேறு. அந்த நேரத்தில் வழக்கமாக யாரும் வேலை பார்க்காததால் மீதி நாளெல்லாம் அது நல்ல டெஸ்ட்டாகத் தெரிந்தது. பில்ட் சர்வர் யுடிசியிலேயே ஓடியதால் அங்கே முரண்பாடே வரவில்லை. இலங்கைக்கும் இதே ஐந்தரை மணி நேரம் என்பதால் கொழும்பில் எழுதினாலும் இதே கதைதான்.

தீர்வு பெரிய வித்தை இல்லை. "இப்போது மணி என்ன" என்று கோட் தானாகப் போய்க் கேட்காமல், கடிகாரத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஜாவா 8 வந்த 2014இலிருந்தே அதற்கென்று கிளாக் என்ற வகுப்பு இருக்கிறது, டெஸ்ட்டில் ஓடாத கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிடலாம். இரவு 11.59, பிப்ரவரி 29, டிசம்பர் 31, எந்த நேரத்தையும் பகல் 11 மணிக்கே ஓட்டிப் பார்க்கலாம். கோ மொழியில் 2025 ஆகஸ்டில் வந்த 1.25 பதிப்பிலிருந்து சின்க்டெஸ்ட் என்ற தொகுப்பு நிலையாகச் சேர்ந்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. அதற்குள் ஓடும் கோட்டுக்குக் கடிகாரம் 2000 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கும், உள்ளே எல்லா கோரூட்டீன்களும் (ஒருசேர ஓடும் சிறு வேலைகளும்) காத்திருக்கும் நிலைக்கு வந்தால்தான் நேரம் நகரும், நகரும்போதும் அடுத்த டைமருக்கு ஒரே தாவலாகத் தாவும். ஒரு மணி நேர டைம்அவுட்டைக் கண் சிமிட்டும் நேரத்தில் சோதித்துவிடலாம்.

பொய்க் கடிகாரம் போட்டுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இருந்துவிட முடியாது, அது உங்கள் புரோகிராமுக்குள் மட்டும்தான் செல்லும். டேட்டாபேஸ் தன் கடிகாரத்தைத்தான் பார்க்கும், ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக்கிடங்கில் ஒரு சாவி (அதில் வைத்த பதிவு) காலாவதியாவதும் அதன் சொந்த நேரப்படிதான். ஆப்பின் கடிகாரத்தை ஒருநாள் முன்னால் தள்ளிவிட்டு, டோக்கன் காலாவதியாகும் என்று எதிர்பார்த்தால், காலாவதியா என்ற சரிபார்ப்பு டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் வரிக்குள் இருந்தால் ஆகாது. எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளப்பதற்குச் சுவர்க்கடிகார நேரத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், நேரத்தைச் சரிசெய்யும் சேவை இடையில் புகுந்து பின்னால் தள்ளினால் கழித்தல் குறியோடு விடை வரும். அதற்காகத்தான் பைத்தான் 2012இல் 3.3 பதிப்பில் பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. கோப்பு மாறியதா என்று பார்க்கும் டெஸ்ட்களிலும் இதே சிக்கல் உண்டு. பழைய மேக் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் நேரத்தை ஒரு செகண்ட் துல்லியத்திலும், ஃபேட் 2 செகண்ட் துல்லியத்திலும்தான் குறித்துக்கொள்ளும். அதனால் எழுதி உடனே திருத்தினால் நேரம் மாறியதாகவே தெரியாது. இடையில் ஸ்லீப் போடுவதற்குப் பதிலாக, கோப்பின் நேரத்தை டெஸ்ட்டே நேரடியாக 10 செகண்ட் பின்னால் மாற்றி வைத்துவிடலாம்.

இனி மிச்சம்.

ஜாவா உலகில் நடந்த ஒரு சம்பவம் இதை நன்றாகக் காட்டும். ஒரு வகுப்பில் உள்ள மெத்தட்கள் எந்த ஒழுங்கில் கிடைக்கும் என்று ஜாவா ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை, ஆனால் ஜாவா 6 வரை பெரும்பாலும் எழுதிய ஒழுங்கிலேயே கிடைத்துவந்தது. ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டில் ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு மெத்தட், அது அதே ஒழுங்கில் டெஸ்ட்களை ஓட்டியது. முதல் டெஸ்ட் ஒரு பயனரை உருவாக்கும், இரண்டாவது அந்தப் பயனரையே எடுத்துக்கொள்ளும், வருடக்கணக்கில் பச்சை. 2011இல் ஜாவா 7 வந்தது, ஒழுங்கு கலைந்தது, எத்தனையோ திட்டங்களில் யாரும் தொடாத டெஸ்ட்கள் திடீரென ஃபெயிலாகின. 2012இல் ஜேயூனிட் 4.11 ஒரு நிலையான ஒழுங்கைத் தானே வகுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் மாறாத ஒழுங்கு என்பதால் கூச்சல் அடங்கியது. ஒன்றையொன்று நம்பியிருந்த டெஸ்ட்கள் மட்டும் அப்படியேதான் இருந்தன.

மிச்சம் என்றதும் டேட்டாபேஸ் வரிசைகள்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது எங்கெங்கோ ஒட்டிக்கொள்ளும்: குளோபல் மாறி, கேஷ், என்விரான்மென்ட் வேரியபிள், மாற்றிவிட்டு மீட்காத வேலைக் கோப்புறை, எடுக்க மறந்த மாக் (உண்மையானதற்குப் பதிலாக வைத்த போலி), நிறுத்தாத டைமர். கடைசியாகச் சொன்னதுதான் மோசம், ஏனென்றால் டெஸ்ட் முடிந்து இரண்டு டெஸ்ட் தள்ளி அது அடிக்கும், பழி அங்கே ஓடிக்கொண்டிருக்கும் அப்பாவி டெஸ்ட்டின் மேல் விழும். சர்வரை அடையும் வாசலான போர்ட் எண்ணுக்கு எளிய வழி உண்டு. 8080 என்று எழுதி வைக்காமல் 0 என்று கேட்டால், காலியாக இருக்கும் ஒன்றை இயங்குதளமே கொடுத்துவிடும்.

டேட்டாபேஸுக்குப் பலரும் எடுக்கும் வழி, டெஸ்ட் முழுவதையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி முடிவில் ரோல்பேக் செய்துவிடுவது, அதாவது செய்த மாற்றங்களை நிலைக்க விடாமல் மொத்தமாகத் திரும்பப் பெற்றுவிடுவது. பைத்தானின் வலைத்தளக் கட்டமைப்பான ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் செய்வது இதைத்தான். வேகமானது, நானும் அதைத்தான் முதலில் எடுப்பேன், ஆனால் அது எல்லாவற்றையும் துடைப்பதில்லை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் தானாக ஏறும் எண் ரோல்பேக்கில் திரும்பி வராது. முதல் டெஸ்ட் 1, 2, 3 எடுத்துவிட்டு ரோல்பேக் ஆனாலும் அடுத்த டெஸ்ட்டின் முதல் வரிசைக்கு 4 தான் கிடைக்கும். "புது ஆர்டரின் எண் 1" என்று எழுதிய டெஸ்ட் தனியாக ஓடினால் பாஸ், கூட்டத்தோடு ஓடினால் ஃபெயில். இன்னொன்று, போஸ்ட்கிரஸின் நௌ என்ற ஃபங்ஷன் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைத்தான் தரும். டெஸ்ட் முழுக்க ஒரே டிரான்சாக்‌ஷன் என்பதால், அதை டீஃபால்ட்டாக வைத்திருக்கும் அட்டவணைப் பத்தியில் நீங்கள் போட்ட பத்து வரிசைகளுக்கும் மைக்ரோசெகண்ட் பிசகாமல் ஒரே நேரம் விழும். "கடைசியாக வந்த ஆர்டர்" என்று நேரப்படி அடுக்கிக் கேட்டால் எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சத்தைத் துடைக்க எடுத்த வழியே நேரச் சிக்கலைக் கொண்டுவருகிறது. டேட்டாபேஸில் கமிட் ஆன பிறகு (மாற்றங்கள் நிலைத்த பிறகு) ஓட வேண்டிய வேலைகளும் இதில் ஓடாது, கமிட்தான் நடக்கவில்லையே. ஜாங்கோ 2021இல் 3.2 பதிப்பில் அவற்றைப் பிடித்து ஓட்டிப் பார்க்க வழி செய்து கொடுத்தது.

டியர்டவுனில் (டெஸ்ட் முடிந்ததும் ஓடும் பகுதியில்) துடைப்பதா, செட்டப்பில் (டெஸ்ட்டுக்கு முன்னால் ஓடும் பகுதியில்) துடைப்பதா என்று கேட்டால் நான் செட்டப் பக்கம். டெஸ்ட் நடுவில் யாராவது கண்ட்ரோல் சி அடித்தாலோ, மெமரி தீர்ந்து பிராசஸ் கொல்லப்பட்டாலோ, பைப்லைன் டைம்அவுட் ஆனாலோ டியர்டவுன் ஓடாது. அந்த மிச்சம் அடுத்தவர் தலையில் விழும். பந்தியில் உட்காருகிறவருக்குப் புது இலை போட்டுத்தானே பரிமாறுகிறோம், போனவர் இலையை எடுத்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று நம்பியா இருக்கிறோம்? இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபெயிலான டெஸ்ட் விட்டுப்போன டேட்டா அப்படியே இருக்கும், திறந்து பார்த்துக் காரணம் தேடலாம். அதைவிட நல்லது பகிர்வதையே தவிர்ப்பது. ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கென்று ஒரு புதுப் பயனரை, வேறு யாருக்கும் வராத பெயரில் உருவாக்கிக்கொள்ளட்டும், தன் பயனரின் ஆர்டரைப் பற்றி மட்டும் கேட்கட்டும். "அட்டவணையில் மொத்தம் 3 வரிசை" என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது, பக்கத்தில் நான்கு டெஸ்ட் சேர்ந்து ஓடும்போது அதற்கு விடையே கிடையாது.

ஏற்கெனவே மிச்சத்தில் மாட்டிக்கொண்டவற்றைக் கண்டுபிடிக்க, டெஸ்ட்களைத் தினமும் கலைத்துப் போட்டு ஓட்டுங்கள். கோ மொழியில் 1.17 பதிப்பிலிருந்து, ஜாங்கோவில் 4.0 பதிப்பிலிருந்து இதற்கு ஷஃபிள் விருப்பம் உண்டு, இரண்டுமே 2021. கலைத்த விதத்தைச் சொல்லும் சீட் எண் லாகில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் அதே ஒழுங்கில் திரும்ப ஓட்ட முடியாது. ஃபெயிலானது தனியாக ஓடினால் பாஸாகிறது என்றால், முன்னால் ஓடிய 800இல் ஒன்று குற்றவாளி. பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பத்தே சுற்றில் ஆள் அகப்படும். ரூபி மொழியின் டெஸ்ட் கருவியான ஆர்ஸ்பெக்கில் 3.3 பதிப்பிலிருந்து பைசெக்ட் என்ற விருப்பம் இதைத் தானாகவே செய்யும். திருத்த வேண்டியது ஃபெயிலானதை அல்ல, மிச்சத்தை விட்டுப்போனதை. இதில் அவசரப்படுகிறவர்கள் அதிகம், ஃபெயிலான டெஸ்ட்டுக்குள்ளேயே ஒரு துடைக்கும் வரியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த வாரம் அதே மிச்சம் வேறொரு டெஸ்ட்டைப் பிடிக்கும்.

ரீட்ரை, அதாவது ஃபெயிலானதைத் தானாகவே மறுபடி ஓட்டுவது பற்றி. பிளேரைட் மாதிரி, இரண்டாம் முயற்சியில் பாஸானதைப் பாஸ் என்று சேர்த்துவிடாமல் ஃப்ளேக்கி என்று தனியாக எண்ணிக் காட்டினால், அந்த எண்ணை யாராவது வாரம் ஒருமுறை பார்த்தால், வைத்துக்கொள்ளலாம். சத்தமில்லாமல் மூன்று தடவை ஓட்டிப் பச்சையாக்கும் ரீட்ரையை நான் எடுத்துவிடுவேன். ஒருமுறை இப்படி ரீட்ரையில் ஓட்டிவந்த ரசீது டெஸ்ட் ஒன்றை உட்கார்ந்து தோண்டியபோது டெஸ்ட்டில் தவறே இல்லை. கடைசி ரசீது எண்ணைப் படித்து ஒன்று கூட்டி அடுத்த எண்ணைப் போடுகிறது ஆப், இரண்டு கோரிக்கை ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் ஒரே எண்ணைப் படிக்கின்றன. இரண்டு வாடிக்கையாளருக்கு ஒரே ரசீது எண். டெஸ்ட் அதைப் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள்தான் ரீரன் கொடுத்து அதன் வாயை அடைத்திருக்கிறோம்.

திருத்தியது சரிதானா என்று தெரிந்துகொள்ள ஒருமுறை ஓட்டிப் பச்சையைப் பார்த்தால் போதாது, திருத்தாமலே ஓட்டினாலும் அநேகமாகப் பச்சைதான் வந்திருக்கும். நான் செய்வது இது. முதலில் டெஸ்ட் ஓடும் கண்டெய்னருக்கு (தனியாக அடைத்த சூழலுக்கு) அரை சிபியு மட்டும் கொடுத்து, பழைய கோடையே இருநூறு தடவை ஓட்டி எத்தனை ஃபெயில் என்று எண்ணுவேன். ஐம்பதுக்கு ஒன்று ஃபெயிலாகிறது என்றால், திருத்திய பிறகு அதே நிலைமையில் 150 தடவை தொடர்ந்து பாஸாக வேண்டும், அப்போதுதான் அது தற்செயல் இல்லை என்று 95% நம்பிக்கையோடு சொல்ல முடியும். கணக்கு எளிது, ஃபெயிலாகும் இடைவெளியை மூன்றால் பெருக்கினால் போதும். இருநூற்றுக்கு ஒன்று என்றால் 600 தடவை. ராத்திரி ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் காலையில் அந்த இரண்டு எண்களையும், முன்னால் எத்தனைக்கு எத்தனை, பின்னால் எத்தனைக்கு எத்தனை என்று கமிட் செய்தியிலேயே எழுதிவிடுகிறேன், ஆறு மாதம் கழித்து அந்த டெஸ்ட் மறுபடி சிவப்பானால் எடுத்துப் பார்க்கிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.